பிரிக்பீல்ட்ஸுக்குப் போன மால்டாப் பாட்டு

மலாய் நாட்டின் சுபாங் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். பட்டுப்புடவை இருந்தது, வெள்ளிக் கிண்ணம் இருந்தது, தங்கத்தில் ஒரு சின்ன மாலைகூட இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு கேசட்டைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்றார். பாட்டு என்றேன். எந்த ஊர்ப் பாட்டு என்றார். மால்டா என்றேன். அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இந்த அம்மா மால்டாப் பாட்டு கொண்டுவந்திருக்கிறார்" என்றார். இரண்டு பேரும் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாது, அங்கே பாட்டு வேறா என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள்.

நான் வந்த காரியம் வேறு. என் நாத்தனாரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீர் போக வேண்டும். தாய்மாமனான என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் சீரைத் தூக்கிக்கொண்டு அத்தைக்காரி நான் தனியாக வந்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், வழியெல்லாம் நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தது தங்க மாலையை இல்லை, அந்தக் கேசட்டைத்தான்.

என் கணவருக்கு மால்டாவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. மெட்ராஸை விட்டு வந்து நாலு வருஷமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறோம். பக்கத்தில் தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது, பாலனைத் தவிர. பாலன் மலாய் நாட்டுக் கிள்ளான்காரன். கப்பலில் சமையல்கட்டு வேலைக்கு ஏறியவன். மால்டாவுக்கு வந்ததும் முதலாளி அந்தக் கப்பலையே கைகழுவிவிட்டார். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள், இவன் துறைமுகத்துக் கடை ஒன்றில் கிட்டார் வாசித்து அப்படியே ஒட்டிக்கொண்டான். இப்போது அந்த ஊர்ப் பையன்கள் மூன்று பேரோடு ஒரு ராக் குழுவில் பேஸ் வாசிக்கிறான். பேஸ் என்றால் நாலே நாலு தடித்த தந்தி வைத்து அடியில் உறுமுகிற கிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் தம்ளரை நீட்டுவான்.

மால்டாவில் அப்போது பாட்டு ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். ஊர் என்னவோ கைக்குட்டை அளவுதான். ஆனால் தெருவுக்கு ஒரு சர்ச், சர்ச்சுக்கு ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டி, அந்தக் கோஷ்டிக்கு ஒரு போட்டிக் கோஷ்டி. அதில் டிரம்பெட் ஊதிப் பழகிய பிள்ளைகளெல்லாம் மின்சாரக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். பாதிப்பேர் ஆங்கிலத்தில் பாடுவார்கள், லண்டன்காரன் கேட்டுவிடுவான் என்று ஒரு நினைப்பு. பாலனின் குழு அந்த ஊர் பாஷையான மால்ட்டீஸில்தான் பாடும். மீன் விற்கிற பாஷையில் ராக் பாடினால் யார் கேட்பார்கள் என்று அந்தப் பையன்களின் அம்மாக்களே திட்டினார்களாம். ஆனால் எங்கள் தெருத் திருவிழாவில் அவர்கள் மேடை ஏறியபோது நான் போயிருந்தேன். மீன் விற்கிற அம்மாள் என் பக்கத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

அந்த மேடையில் பிடித்த ஒலிப்பதிவுதான் என் பெட்டியில் இருந்த கேசட். எல்லாம் புதுப் பாட்டு, இன்னும் கடைக்கு வராதது. என் கையில் கொடுக்கும்போது பாலன் சொன்னான்: "அக்கா, மூணாவது பாட்டோட மெட்டு நானும் எங்கண்ணனும் சேர்ந்து போட்டது. கிள்ளான்ல கல்யாண டின்னருக்கு வாசிக்கப் போனா அதுலதான் ஆரம்பிப்போம். இப்ப எங்க பேண்டு அத ஸ்டூடியோல ரெக்கார்ட் பண்ணி வெளியிடப் போகுது. அண்ணன் சரின்னாதான் அந்தப் பாட்டு. வேணாம்னா தூக்கிருவேன். நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரணும்."

"ஏன்டா, போன்ல நீயே கேளேன்."

"என் கொரலக் கேட்டா வச்சிருவாருக்கா."

ஊருக்கே போய்க் கேட்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. இவன் கையிலிருக்கும் காகிதத்துக்கு ஒரு தடவை மால்டாவை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதே சந்தேகம். அதனால் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தான். அண்ணன் செல்வம் இப்போது கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கிறாராம், ஏதோ கப்பல்காரன் சொன்னானாம். "நீங்க கஸ்டமர் மாதிரி போங்க. எம்பேரச் சொல்லாதீங்க. காப்பி போட்டுக் குடுங்கன்னு குடுங்க. காப்பி போடணும்னா கேட்டுத்தானே ஆகணும்? மூணாவது பாட்டு வந்தா அவருக்கே புரிஞ்சிரும்." போடும்போது எல்லாத் திட்டமும் நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் முழுக்கப் பெட்டாலிங் ஜெயாவில், நாத்தனார் வீட்டில் தூங்கினேன். விழித்தபோது பக்கத்து வீட்டில் ஓர் அம்மா மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். "குடைய எடுத்துட்டுப் போன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு?" சுத்தமான தமிழ். யாரோ யாரையோ திட்டுகிற சத்தம், அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருஷமாகத் தமிழில் திட்டு கேட்காத ஜென்மம் நான். அண்ணி (நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) தேநீரோடு வந்து, "என்னலா லலிதா, வந்த அன்னைக்கே அழுவுற?" என்று, பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்க்கும் அந்த ஊர் வழக்கத்தில் கேட்டுப் பயந்துபோனார். ஜலதோஷம் என்று சமாளித்தேன்.

இரண்டாம் நாள் கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். மால்டா பஸ்ஸில் டிரைவருக்கு மேலே மாதா படம் இருக்கும், கீழே கால்பந்துக் குழுவின் கொடி. இங்கே கண்ணாடியில் பிள்ளையார் ஒட்டியிருந்தார், அதற்குக் கீழும் கால்பந்துக் குழுவின் கொடிதான். பாதி வழியில் வண்டி புகைவிட்டு நின்றது. எல்லாரையும் வெயிலில் இறக்கிவிட்டார்கள். மெட்ராஸாக இருந்தால் இந்நேரம் கண்டக்டரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே ஆளாளுக்கு ரம்புத்தான் பழம் வாங்கித் தோலை உரித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கும் ஒரு சீன மூதாட்டி கொத்தோடு நீட்டினார். தின்றேன், கோபம் போய்விட்டது.

பாலன் சொன்ன வீடு அங்கே இல்லை. அந்த இடத்தில் லோரி டயர் விற்கிற கடை இருந்தது. கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை, எதிரே பூக்கட்டும் அம்மாவைக் கை காட்டினார். சிவப்புக் கண்ணாடி வளையல் போட்ட குண்டான பெண்மணி. பெயரைச் சொன்னதுமே கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"செல்வம் பாலன் செட்டா? அவங்க வாசிக்காம கிள்ளான்ல கல்யாண டின்னரே கிடையாதுலா. எங்க கல்யாணத்துக்கும் அவங்கதான். முதல்ல ஒரு மெட்டு வாசிப்பாங்க பாருங்க..." என்று முனகிக் காட்டினார். மூன்றாவது பாட்டேதான். மால்டாவில் மீன்காரம்மா கத்திய அதே மெட்டை இந்தப் பூக்காரம்மா மல்லிகைச் சரத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள். 

"அப்புறம் ஏன் விட்டுட்டாங்க?"

"இங்க பக்கத்து ஊரு மேருல ஒரு டின்னர்க்கா. சனங்க வந்து உக்காந்தாச்சு. தம்பியக் காணோம். அண்ணன் மேடையில கிட்டார மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, நிக்கிறாரு, வாசலயே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. பேஸ் இல்லாம அந்த மெட்ட ஆரம்பிக்க மாட்டேன்னுட்டாரு. பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. கடசில டேப்ப போட்டு முடிச்சாங்க. அப்புறம்தான் தெரியும், தம்பி அன்னைக்குக் காலையிலயே கப்பல் ஏறிட்டான்னு. சொன்னா அண்ணன் விடமாட்டாருன்னு சொல்லாமயே போயிட்டான். அதோட அண்ணன் கிட்டாரத் தொடல."

அடப்பாவி பாலா, இந்தச் சங்கதியை நீ என்னிடம் சொல்லவே இல்லையே! ரசம் குடிக்கத் தெரிந்தது, இதைச் சொல்லத் தெரியவில்லையா? பூக்காரம்மா எனக்கு ஒரு முழம் மல்லிகை தலையில் வைத்துவிட்டு, செல்வம் இப்போது கடையைத் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றிவிட்டார் என்று தெருவும் அடையாளமும் சொன்னார்.  ஒரு மெட்டுக்கு அனுமதி கேட்பது என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். இது அது இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பஸ்ஸுக்கு நின்றால் நனைந்து நாசமாகப் போவோம் என்று டாக்ஸி பிடித்தேன். ஓட்டியவர் மலாய்க்காரர், வெள்ளைத் தொப்பி, மீசையில் நரை. மழையில் வண்டிகள் நகரவே இல்லை. பொழுது போகட்டும் என்று, கேசட் போடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். போடுங்கள் என்றார். எனக்கும் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.

முதல் பாட்டு ஓடும்போதே அவர் தலையைத் திருப்பினார். "இது அரபுப் பாட்டா? துனியா என்கிறானே, அரபிலிருந்து எங்கள் மலாய்க்கும் வந்த சொல், உலகம் என்று?" மால்ட்டீஸில் 'தின்யா' என்றால் உலகம்தான். இன்னொரு இடத்தில், "இப்போது செய்தி என்றான், எனக்குக் கேட்டது" என்றார். அதுவும் சரி. அரபுப் பாட்டு இல்லை, சர்ச்சுக்குப் போகிறவர்கள் பாடுகிற பாட்டு என்றதும், "சர்ச்சுக்குப் போகிறவர்களா? இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டா?" என்று வியந்து சத்தத்தைக் கூட்டினார். அந்த மனிதருக்கு ஒரு மணி நேரத்தில் மால்டா சொந்த ஊராகிவிட்டது.

இரண்டாவது பாட்டு முடிந்து கூட்டம் கத்துகிறது. பாலனின் குரல் வந்தது. அன்றைக்குச் சதுக்கத்தில் நின்று நானும் கேட்டதுதான், மேடையில் ஏதோ தமிழில் சொல்கிறான், நம்மைப் பார்த்துச் சொல்கிறான் என்று கை தட்டியிருந்தேன். இப்போதுதான் ஒழுங்காகக் காதில் விழுந்தது. "அண்ணே, அன்னைக்கு மேருல வராமப் போயிட்டேன். இப்ப வந்துட்டேன். ஆரம்பிக்கலாமா?"

உடனே பேஸ் எழுந்தது, மூன்றாவது பாட்டு. புரியாத கூட்டம் என்னமாய்க் கத்துகிறது! டாக்ஸிக்காரர், "இது தமிழ் ஆயிற்றே. என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அண்ணன் என்ன சொன்னார்?" என்றார். அதைக் கேட்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்றேன். இறங்கும்போது குடையைப் பிடித்துக் கடை வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனார்.

கடை, கீழே கடையும் மேலே வீடுமான ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்தது. தரையிலிருந்து கூரைவரை கேசட். வாசலில் இரண்டு ஒலிபெருக்கிகள் சினிமாப் பாட்டை ரோட்டுக்கு அள்ளி இறைத்துக்கொண்டிருந்தன. உள்ளே செல்வம். பாலனின் அதே நீள மூக்கு, அதே வரிசைப் பல். பார்த்ததுமே 'நீங்க பாலன் அண்ணன்தானே' என்று வாயில் வந்துவிட்டது, கடித்து விழுங்கினேன்.

"இத ஒரு காப்பி போட்டுக் குடுக்கணும்."

"என்னா படம்க்கா?"

"படம் இல்ல. மால்டா."

"மால்டாவா? அது இன்னும் இங்க ரிலீஸ் ஆகலியே. மெட்ராஸ்ல வந்துருச்சா? யாரு ஹீரோ?"

அது ஊர், இவர்கள் அந்த ஊர் ராக் பாட்டுக்காரர்கள் என்று விளக்கினேன். எல்லா ஊரிலும் பாடுகிறார்கள் போல என்று சொல்லிக்கொண்டே என் பெயரையும் அண்ணி வீட்டு போன் நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கேசட்டோடு சேர்த்து ரப்பர் போட்டார். "நாளன்னைக்கு வாங்க. கல்யாண சீசன்லா, ஆர்டர் நெறைய."

நாலாம் நாள் நிச்சயதார்த்தம். வந்தவர்கள் எல்லாரும், மால்டாவில் சோறு கிடைக்குமா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தாய்மாமன் சீரைத் தட்டில் வைத்து நீட்டும்போது மனசு பிரிக்பீல்ட்ஸில் இருந்தது. இந்நேரம் அவர் கேட்டிருப்பார், இந்நேரம் அந்தக் குரல் வந்திருக்கும் என்று நினைத்து நினைத்துத் தட்டைப் பெண்ணின் மாமியார் கையில் கொடுத்துவிட்டேன். அண்ணி முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஐந்தாம் நாள் மினிபஸ். ரோஜா நிறத்தில் ஒரு சின்ன வண்டி, அதற்குள் ஒரு கல்யாணக் கூட்டமே நிற்கிறது. "உள்ளே போ, உள்ளே போ" என்று மலாயில் கத்திக் கத்தி என்னைப் பின்கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். இறங்க வேண்டிய இடத்தில் கதவுவரை வர முடியவில்லை. "இறங்கணும், இறங்கணும்" என்று நான் தமிழில் கத்தியதைக் கேட்டு ஒரு பஞ்சாபிக்காரர் மணியை அடித்தார். இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் டிரைவர் இறக்கிவிட்டான். வெயிலில் நடந்து, வியர்த்து வழிந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செல்வம் இரண்டு கேசட்டையும் சிரித்த முகமாகக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பியின் குரலைக் கேட்ட முகமா இது?

"பாட்டு எப்படி இருந்தது?"

"நல்லா வந்திருக்குக்கா. சத்தம் தூக்கலா இருந்துச்சு, கொஞ்சம் கொறச்சிருக்கேன்."

"மூணாவது பாட்டு?"

"எது மூணாவது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "நான் எங்கக்கா கேட்டேன்? ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டு காப்பி போட்டா கடய நடத்த முடியாது. ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டு மெஷின்ல சத்தத்தக் காட்டுற ஊசிய மட்டும் பாப்பேன். ஊசி ஏறுனா பாட்டு, படுத்தா பேச்சு. பேச்சு வந்தா பட்டன அமுக்கி நிறுத்திருவேன். பேச்சுக்கு யாரு கேசட்ட வேஸ்ட் பண்ணுவா? மிச்சம் எடம் இருந்துச்சு, ரெண்டு முருகன் பாட்டு போட்டிருக்கேன். காலியா குடுத்தா கஸ்டமர் கோவிச்சுக்குவாங்க."

நாள் முழுக்கப் பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற மனிதர், ஒன்றையும் கேட்பதில்லை! பாலா, உன் திட்டத்தில் மண்ணை அள்ளிப் போட. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையெல்லாம் பறந்துபோயிற்று.

"நீங்க வெட்டினீங்களே ஒரு பேச்சு, அது யார் பேசினது தெரியுமா? உங்க தம்பி. பாலன். அதுல பேஸ் வாசிக்கிறது அவன்தான்."

அவர் கை அப்படியே நின்றது. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மெல்லத் திரும்பி, வாசல் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார். சினிமாப் பாட்டு காதைக் கிழித்தது. "அடுத்து யாருக்கா?" என்று எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

நான் அசையவில்லை. பாட்டுக்கு மேலே கத்தினேன். "கடல் தாண்டித் தூக்கிட்டு வந்தாச்சு. திரும்பத் தூக்கிட்டுப் போகணும்னு எனக்கென்ன தலையெழுத்து? கேக்கணும்னா கேளுங்க, இல்ல தெருவுல வீசுங்க. அந்த மூணாவது மெட்ட அவங்க ரெக்கார்ட் பண்ணலாமா வேணாமான்னு ஒரே ஒரு வார்த்தை. அவன் கேட்டது அவ்வளவுதான். எனக்கு இன்னும் மூணு நாள்தான் இங்க." மூலக் கேசட்டைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு, முருகன் பாட்டு போட்ட காப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். 

பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். பாகற்காய் வறுவலும் நண்டுக் குழம்புமாக மூன்று தடவை சோறு வாங்கினேன். மால்டாவில் நாலு வருஷமாகக் கனவில் தின்ற சாப்பாடு அது, நாக்கில் ஏறவே இல்லை. இங்கே கடைக்குக் கடை தமிழ், தெருவே நம் ஊர் மாதிரி. இதை விட்டுவிட்டு அந்தப் பையன் கல் வீட்டு மாடியில் ரொட்டியைத் தக்காளியில் தேய்த்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். எத்தனை தடவை இந்தத் தெருவை நினைத்து ஏங்கியிருப்பான்? வீட்டுக்கு வந்து காப்பியைப் போட்டுக் கேட்டேன். இரண்டாவது பாட்டு முடிந்த கையோடு மூன்றாவது பாட்டு. நடுவில் பாலன் இல்லை. துளி இடைவெளிகூடத் தெரியாமல் அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தார்.

அடுத்த இரண்டு நாளும் போன் மணி அடிக்கும்போதெல்லாம் முதல் ஆளாக ஓடினேன். எல்லாம் மாப்பிள்ளை வீட்டுப் போன். "யாருகிட்ட இருந்து வரணும் உனக்கு?" என்று அண்ணி கேட்டார். கதையை முழுக்கச் சொன்னேன். வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டவர், "சரின்னுட்டாருன்னு நீயே சொல்லிடேன் லலிதா. பாவம்லா அந்தப் பையன்" என்றார். எனக்கும் அந்த எண்ணம் வராமலில்லை. ஆனால் ரசத்தைக் குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பானே, அந்தக் கண்ணைப் பார்த்து எப்படிப் பொய் சொல்வது?

கிளம்புவதற்கு முந்தின நாள் மனசு கேட்காமல் மறுபடி போனேன். கடையின் இரும்புக் கதவு கீழே இறங்கிக் கிடந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர், "ரெண்டு நாளா தொறக்கலக்கா. தீபாவளிக்கே பூட்டாத மனுசன்லா. சீசன் நேரத்துல பூட்டிட்டாரு, ஆர்டர் குடுத்தவங்கல்லாம் வந்து திட்டிட்டுப் போறாங்க" என்றார். என்னால்தானோ என்று தோன்றியது. நல்லாப் பேசினாய் போ, உன் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை பெட்டியை மூடும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மழையில் நனைந்தபடி செல்வம் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது, முகம் சவரம் கண்டு பல நாள் ஆனது போல இருந்தது. போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு கையில் கசங்கியிருந்தது, முந்தின நாள் நான் வெளியே போயிருந்தபோது அந்த நம்பருக்குக் கூப்பிட்டு அண்ணியிடம் வழி கேட்டிருக்கிறார். அண்ணி என்னிடம் மூச்சு விடவில்லை.

"உள்ள வாங்க."

"இல்லக்கா, ஈரமா இருக்கேன்." சட்டைக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்தார், பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. "இத அவன்கிட்ட குடுத்துருங்க. அந்தப் பாட்டு ரெண்டாவது தடவ திரும்புற எடத்துல அவன் கீழ எறங்குறான். அங்க ஏறணும். அப்பவும் இதே தப்பத்தான் செஞ்சிக்கிட்டு இருந்தான்."

"அப்ப ரெக்கார்ட் பண்ணலாம்னு சொல்லட்டுமா?"

"எல்லாம் அதுல இருக்கு" என்றார். கொடுத்த மூலக் கேசட்டை நான் திருப்பிக் கேட்கவில்லை, அவரும் எடுத்து நீட்டவில்லை. வண்டியில் உட்கார்ந்து உதைக்கப் போனவர், காலைக் கீழே ஊன்றினார்.

"ஒல்லியா ஆயிட்டானாக்கா?"

"நீங்க இருக்கிற மாதிரிதான் இருக்கான்."

"சோறு?"

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல. ரசம்னா உயிரு."

தலையை ஆட்டினார். "கொரல் மாறிப்போச்சு" என்றார்.  அண்ணி ஓடிவந்து, நிச்சயதார்த்தத்துக்குச் செய்த லட்டை ஒரு பொட்டலமாக அவர் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சுபாங்கில் போகும்போது யாரும் என் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இந்தக் கேசட் எந்த ஊர்ப் பாட்டு என்று எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வழியில் போட்டுக் கேட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அது அவன் பொருள்.

ஞாயிற்றுக்கிழமை பாலன் வந்தான். சாப்பாட்டைத் தொடவில்லை. என் கணவர் டேப்ரெக்கார்டரை மேஜைமேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே எந்தச் சர்ச்சிலோ மணி அடித்துக்கொண்டிருந்தது, எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம், மழை தகரத்தில் விழுகிற சத்தம், தூரத்தில் ரயில். எதையும் வெட்டியிருக்கவில்லை. பிறகு கிட்டார். விரல் மறந்துபோன மனிதர் வாசிக்கிற வாசிப்பு, தடுமாறி நின்றது, மறுபடி முதலிலிருந்து எடுத்தது. அந்த மெட்டுதான். நடுநடுவே இடம் சும்மா கிடந்தது. இதென்ன, மறந்துவிட்டாரா என்று நான் பாலனைப் பார்த்தேன். அவன் விரல் மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்தது. பேஸ் வர வேண்டிய இடத்தையெல்லாம் அண்ணன் அவனுக்கு விட்டு வைத்திருக்கிறார். இரண்டாவது தடவை திரும்பும் இடத்தில் கிட்டார் நிதானமாக, காட்டிக் கொடுப்பது போல, மேலே ஏறியது. பாலன் விரலும் ஏறியது.

அப்போது டேப்பில் யாரோ இரும்புக் கதவைத் தட்டினார்கள். கிட்டார் நின்றது. ஒரு பெண் குரல் வெளியிலிருந்து கத்தியது. "அண்ணே, உள்ளதான இருக்கீங்க? கல்யாணப் பாட்டு கேசட் கேட்டிருந்தேனே, ரெடியா?"

செல்வத்தின் குரல், மைக்குக்கு மிகப் பக்கத்தில்:

"நாளைக்கு வாங்கலா. தம்பிகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."